“அவள் ஏன் அங்கே போனாள்?” – மலையகத்தில் ஒரு கேள்வியின் வரலாறு

பெண்ணொருத்தி பாலியல் கொடுமைக்கு ஆளானாள் என்ற செய்தி ஊருக்குள் பரவியதும், அதைச் செய்தவன் யார், அவனுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பவர்கள் சிலரே. பெரும்பாலானோர் கேட்பது வேறு. அந்த நேரத்தில் அவள் ஏன் அங்கே போனாள்? தனியாகவா போனாள்? அவனோடு முன்பே பழக்கமா? இக்கேள்விகளை யாழ்ப்பாணத்திலும் கேட்கலாம், சென்னையிலும் கேட்கலாம், லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர் வீடுகளிலும் கேட்கலாம். ஆயினும் நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை மலைகளில் இக்கேள்விக்குத் தனியானதொரு வரலாறு உண்டு. கற்பு பற்றிய நமது சமூகத்தின் கருத்துகளே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட்டு அப்பால் செல்வது வழக்கம். அது பாதி உண்மை. மறுபாதி, தோட்டம் என்ற அமைப்பும் அதைக் காத்துநின்ற சட்டமும் சேர்ந்து உருவாக்கியது. அந்த மறுபாதியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

பாதிக்கப்பட்டவர் மீதே பழியைப் போடும் வழக்கம் தேயிலைக்கும் முற்பட்டது. 1820களில் கம்பளைப் பகுதியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கிய பின்னர், தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் வரத் தொடங்கினர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியிலே பசி, வாந்திபேதி, அம்மை, காய்ச்சல். 1841க்கும் 1848க்கும் இடையில் இவ்வாறு வந்தவர்களுள் 70,000 பேர், அதாவது நான்கில் ஒரு பங்கினர், மடிந்துபோயினர் என்று ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை 1849இல் கணக்கிட்டு எழுதியது. இதற்குத் தோட்டத்துரைமார் தரப்பில் அளிக்கப்பட்ட விளக்கம் சுவையானது. கூலிகள் காசு சேர்ப்பதற்காக வயிற்றைக் காயப்போடுகிறார்கள், சுத்தம் அறியாதவர்கள், வரும்போதே நோயோடு வருகிறார்கள். நூறு மைலுக்கு மேற்பட்ட பாதையில் தங்குமடமும் குடிநீரும் இல்லாதிருந்தமையோ, மாதக்கணக்கில் கூலி நிலுவையில் வைக்கப்பட்டமையோ அந்த விளக்கத்தில் முக்கியத்துவம் பெறவில்லை. செத்தவன் தன் சாவுக்குத் தானே பொறுப்பாளியாக்கப்பட்டான்.

அந்நாளில் வந்தவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். கோப்பி பருவப் பயிராதலால் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவர். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பியை அழித்தொழித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்து கிள்ளப் பெண்களின் விரல்கள் வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாக அழைத்துவரப்பட்டனர். தோட்டத்தின் வருமானம் பெண்ணின் கைகளில் தங்கியிருந்தது என்பது மிகைக்கூற்றன்று. ஆனால் அவளது கூலி ஆணின் கூலியிலும் குறைவு. சட்டப்படி நிர்ணயிக்கப்பட்ட கூலியிலும் அந்த வேறுபாடு இருந்தது. 1984இல் நடந்த வேலைநிறுத்தத்தின் பின்னரே இருபாலாருக்கும் சமகூலி கிட்டியது. அந்தக் குறைந்த கூலியைக் கூட நீண்டகாலமாக அவள் கையில் கொடுப்பதில்லை. கணவனோ தகப்பனோ வாங்கிச்செல்வான்.

இங்கே சட்டத்தின் பங்கைக் கவனிக்க வேண்டும். பீஜி, மொரீஷியஸ், நேட்டால் ஆகிய நாடுகளுக்குத் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்டனர். இலங்கையில் அத்தகைய ஐந்தாண்டு ஒப்பந்தம் கிடையாது. இங்கு வருபவர் தம் விருப்பத்தோடு வருகிறார், விருப்பத்தோடு இருக்கிறார் என்று தோட்டத்துரைமார் பெருமையாகச் சொல்லிக்கொள்வர். “சுதந்திரத் தொழிலாளர்” என்பது அவர்களது வாதம். நடைமுறையில் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுப்போவது குற்றம். அடங்காமையும் குற்றம். தண்டனை சிறை. அதற்கு மேல் கங்காணியிடம் பட்ட கடன். அந்தக் கடன்தொகை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் சேர முடியாது.

இந்த ஏற்பாட்டை ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து பாருங்கள். கங்காணியோ கணக்குப்பிள்ளையோ துரையோ கைநீட்டினால் அவளுக்கு இருந்த வழி என்ன? இருந்தால் இணங்கியவள். ஓடினால் சட்டத்தின் முன் குற்றவாளி. அவளைப் பிடித்துத்தர நீதிமன்றப் பிடியாணை உண்டு. அவளை ஓடவைத்தவன் பெயர் அந்தப் பிடியாணையில் இராது. தோட்டத்துரைமாருள் சிலர் சமாதான நீதவான்களாகவும் நியமனம் பெற்றிருந்தனர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பும் இந்த விதிகள் 1920களின் தொடக்கத்தில்தான் நீக்கப்பட்டன. அதற்காகப் பாடுபட்டவர்களுள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதன்மையானவர். 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அவர் அமைத்ததும் இந்நோக்குடனேயே.

துரையின் பங்களாவில் நடந்தவை பற்றி மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும், எழுதியவர்கள் குறைவு. கடைசியில் சாட்சி சொன்னவை குழந்தைகளின் முகங்களே. ஆங்கிலேயத் துரைமாருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் பிறந்து, தகப்பனால் கைவிடப்பட்ட பிள்ளைகளை வளர்ப்பதற்கென்றே நுவரெலியாவில் ஓர் இல்லம் இருந்தது. மிஷனரியான ஆர்னல்ட் பெயின்டரின் குடும்பத்தினர் நடத்திய பெயின்டர் இல்லம் அது. கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயத்தின் சுவரோவியங்களைப் பார்த்திருப்பவர்கள் டேவிட் பெயின்டரை (1900–1975) அறிவார்கள். அவர் அக்குடும்பத்தின் புதல்வர். இதே தேவைக்காக டார்ஜிலிங் பக்கத்தில் கலிம்போங்கில் 1900ஆம் ஆண்டு டாக்டர் கிரஹாம் ஓர் இல்லத்தை நிறுவினார். டார்ஜிலிங், அஸ்ஸாம் தோட்டங்களிலிருந்து வந்த அந்தப் பிள்ளைகளுள் பலர் பின்னர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். ஓர் இல்லம் கட்ட வேண்டிய அளவுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள் என்றால் அது ஒருவர் இருவரது சபலக் கதையன்று. பேராசிரியை குமாரி ஜயவர்த்தன 2007இல் வெளியிட்ட நூலொன்றில், யூரேசியர்களின் வரலாறு எவ்வாறு மறைக்கப்பட்டது என்று விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கு என்ன பெயர் கிடைத்தது? “துரையின் வைப்பு.” லயத்துக்குள்ளே அவளைப் பற்றிச் சொல்லப்பட்டவை: அவள் மினுக்கினாள், பங்களா வேலைக்கு ஆசைப்பட்டாள், வெயிலில் கொழுந்து கிள்ளப் பிடிக்கவில்லை. சிலர் உண்மையிலேயே விரும்பிச் சென்றிருக்கலாம். சிலருக்கு அன்பான வாழ்வும் அமைந்திருக்கலாம். மனித வாழ்க்கை விசித்திரமானது. ஆனால் மறுத்தால் தானும் தன் குடும்பமும் ‘பத்துச்சீட்டு’ வாங்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டும் என்ற நிலையில் சொல்லப்படும் சம்மதத்தைச் சம்மதம் என்று அழைக்க எனக்குத் தயக்கமாயிருக்கிறது. வீடு துரையுடையது, வேலை துரையுடையது, மருந்தும் அரிசியும் தோட்டத்தினூடாகவே வரவேண்டும். ஒருவர் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று சொல்வதற்கு, வேறு விதமாகச் செய்யும் வாய்ப்பாவது அவருக்கு இருந்திருக்க வேண்டுமல்லவா?

இந்த நிலையை மீறி முறைப்பாடு செய்த பெண்களுக்கு என்ன நேரும் என்பதைப் பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த பிற தோட்டங்களின் வழக்குகள் காட்டுகின்றன. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பீஜியில் குந்தி என்ற இளம்பெண் வாழைத் தோட்டத்தில் தனியாக வேலைசெய்ய அனுப்பப்பட்டாள். அங்கு வந்த வெள்ளைக்கார மேற்பார்வையாளன் அவளைப் பலவந்தம் செய்ய முயன்றான். அவள் தப்பியோடி ஆற்றில் குதித்தாள். படகிலிருந்த ஒரு சிறுவன் காப்பாற்றினான். அவளது கதை கல்கத்தாவின் ‘பாரத் மித்ரா’ பத்திரிகையில் வெளிவந்தபோது இந்தியா கொதித்தது. பீஜி அதிகாரிகளின் விசாரணை யாரைப் பற்றியது என்று நினைக்கிறீர்கள்? குந்தி சொன்னது பொய் என்று நிறுவுவதே அவர்களது முயற்சியாயிருந்தது. அக்காலத்தில் பீஜி இந்தியரிடையே பெருகிய தற்கொலைகளுக்கும் கொலைகளுக்கும் அதிகாரிகள் எழுதிவைத்த காரணம் பெண்களின் ஒழுக்கக்கேடும் அதனால் எழுந்த ஆண்களின் பொறாமையும். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தில் கப்பலேற்றியது தாங்களே என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிட்டனர். பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடல் இந்தப் பெண்களைப் பற்றியது என்பதை வாசகர்கள் அறிவர். அந்தக் கொதிப்பே 1917இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு முற்றுப்புள்ளி வைக்கப் பெரிதும் உதவியது. இலங்கையில் ஒப்பந்தம் இல்லை என்ற வாதம், இங்கு அத்தகைய கொதிப்பு எழாமல் பார்த்துக்கொண்டது.

அஸ்ஸாமில் நடந்தவை இன்னும் கொடியவை. 1884இல் சுகுர்மணி என்ற தொழிலாளிப் பெண், தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் வெப் என்ற ஐரோப்பியரால் அடைத்துவைக்கப்பட்டு, பின்னர் இறந்தாள். கடுங்குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவிக்கப்பட்ட அவருக்குக் கிடைத்தது 100 ரூபா அபராதம். 1920இல் கச்சார் மாவட்டத்தின் கோரியல் தோட்டத்தில், மகளைத் தன் பங்களாவுக்கு அனுப்ப மறுத்த தொழிலாளியைத் துரை சுட்டார். ஐரோப்பியர் பெரும்பான்மையாயிருந்த ஜூரி துரையைக் குற்றமற்றவர் என்று விட்டது. முல்க் ராஜ் ஆனந்த் 1937இல் எழுதிய ‘டூ லீவ்ஸ் அண்ட் எ பட்’ நாவலின் முடிவும் இதையே ஒத்தது.

தமிழில் இப்பொருளை முதலில் துணிந்து தொட்டவர் புதுமைப்பித்தன். 1935இல் மணிக்கொடியில் வந்த ‘துன்பக்கேணி’யில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் மருதி அங்குள்ள வெள்ளைக்காரனின் இச்சைக்குப் பலியாகி நோயாளியாகிறாள். அந்தக் கதையை இன்று படித்தாலும், ஆசிரியர் மருதியின் ஒழுக்கத்தை விசாரிக்கவே இல்லை என்பது தெரியும். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட கதை இது.

மலையகத்திலும் குரல் எழாமல் இல்லை. துணி வியாபாரி போல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையை அறிந்த கோ. நடேசய்யர், ‘தேசபக்தன்’ மூலம் துரைமாரின் கொடுமைகளை வெளிக்கொணர்ந்தார். 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார் தாமே பாடல் எழுதிக் கூட்டங்களில் பாடினார். ஒரு பெண் மேடையேறிப் பாடிய காட்சி அன்றைய லயத்துப் பெண்களிடம் எத்தகைய உணர்வை எழுப்பியிருக்கும் என்று அடிக்கடி எண்ணிப்பார்ப்பதுண்டு. பின்னர் 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில், சின்னத்துரைப் பயிற்சிக்காக வந்து சமசமாஜியாக மாறிய அவுஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேர்டில் பேசினார். துரைமாரின் செயல்கள் தமக்கு உள்ளிருந்தே தெரியும், அவற்றை அம்பலப்படுத்துவேன் என்ற அவரது பேச்சைப் பொலிஸ் அறிக்கை கவலையோடு குறித்துக்கொண்டது. தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த உத்தரவிட்டதும், உயர் நீதிமன்றம் மே மாதம் அந்த உத்தரவைச் செல்லாதென்றதும் நாடறிந்த வரலாறு. அதிகாரம் அஞ்சியது கொடுமையைக் கண்டல்ல. அதை ஒரு வெள்ளைக்காரன் வெளியில் சொல்லிவிடுவான் என்பதைக் கண்டே.

துரைமார் கப்பலேறிய பின் எல்லாம் மாறிவிட்டதா? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1990களில் மீண்டும் கம்பனிகளின் கைக்கு வந்தன. பங்களாவில் இருப்பவரின் நிறம் மாறியது. மலையில் நடப்பது பெரிதும் மாறவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்பவன் ஆண். அவன் எழுதும் எண்ணே நாட்சம்பளம். குறித்த நிறைக்குக் குறைந்தால் ‘அரைப்பேர்’, அதாவது பாதிச் சம்பளம். எந்த மலைக்கு யாரை அனுப்புவது, எந்த நிரையைக் கொடுப்பது என்பதையும் அவனே தீர்மானிப்பான். கொழுந்து செழித்த நிரையா, கல்லும் சரிவுமான ஒதுக்குப்புற நிரையா என்பது ஒரு பெண்ணின் அன்றைய வருமானத்தையும், சில வேளைகளில் அன்றைய பாதுகாப்பையும் தீர்மானிக்கும். அவனிடம் முகம்கொடுத்துச் சிரித்துப் பேசினால் நல்ல நிரை. பேசினாளா, பிறகென்ன, “அவளே இடம் கொடுத்தாள்.” பேசாவிட்டால் அரைப்பேர். மலையக நாட்டார் பாடல்களில் கங்காணியின் பார்வையைப் பெண்கள் கேலிசெய்து பாடியிருக்கிறார்கள், சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தொகுத்துவைத்தார். பிரட்டுக்களத்தில் சொல்ல முடியாததைப் பாட்டில் சொன்னார்கள்.

தென்னிந்தியத் தோட்டங்களிலும் இதே கதைதான். வால்பாறையில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் எழுதி, இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கிய நாவல் அதற்குச் சான்று. 2023இல் பிபிசி தொலைக்காட்சி கென்யாவின் கெரிச்சோ தேயிலைத் தோட்டங்களில் வேலைக்காக உடலைக் கேட்கும் மேற்பார்வையாளர்களைப் படம்பிடித்துக் காட்டியது. எழுபதுக்கு மேற்பட்ட பெண்கள் தம் அனுபவங்களைக் கூறினர். தேயிலையைப் போலவே அதன் மேற்பார்வை முறையும் ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குச் சென்றிருக்கிறது.

முன்னெச்சரிக்கை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலையகப் பெண்கள் முன்னெச்சரிக்கை அறியாதவர்கள் அல்லர். விறகுக்குப் போனால் கூட்டமாகப் போவார்கள். குறுக்குப் பாதையில் உரத்துப் பேசிக்கொண்டு நடப்பார்கள். மழைக்காலத்தில் இருட்டுமுன் பிள்ளைகளை லயத்துக்குள் அழைத்துவிடுவார்கள். “தனியாகப் போகாதே அம்மா” என்று தாய் சொல்வது அன்பினால். அதில் யாருக்கும் ஆட்சேபமிராது. அதே வாக்கியம் சம்பவம் நடந்த பிறகு பொலிஸ் நிலையத்திலோ சங்கத் தலைவரின் வாயிலோ ஒலிக்கும்போது பொருள் மாறிவிடுகிறது. தாயின் எச்சரிக்கை மகளுக்கு எதிரான சாட்சியமாகிறது. மேலும், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்துறங்க, கழிப்பறைக்கு இருட்டில் வெளியே நடக்க வேண்டிய பெண்ணிடம், இரவில் ஏன் வெளியே வந்தாய் என்று எந்த நியாயத்தில் கேட்பது? தொழிற்சாலையில் தேயிலைத்தூள் திருட்டுப்போனால், இவ்வளவு தூளை ஏன் வைத்திருந்தீர்கள் என்று துரையிடம் யாரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

முறைப்பாட்டின் பாதையும் கடினமானது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்கள் இவர்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. எந்த நாட்டவள் என்றே தெரியாத பெண் எந்தப் பொலிஸ் நிலையத்தில் நிமிர்ந்து நின்று பேசுவாள்? பேசினாலும் அவளது வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும். தனக்குப் புரியாத எழுத்துக்குக் கீழே அவள் கையொப்பமிடுவாள் அல்லது கைநாட்டு வைப்பாள். தமிழ் 1987இல் அரச கரும மொழியான பிறகும் மலையகப் பொலிஸ் நிலையங்களில் இந்நிலை நெடுங்காலம் தொடர்ந்தது. ஆகவே விஷயம் முதலில் தோட்டத் தலைவரிடம் செல்லும். தொழிற்சங்கங்கள் இம்மக்களுக்குச் செய்தவற்றை நான் குறைத்து மதிப்பவனல்லன். ஆனால் தலைவர்கள் ஆண்கள். தோட்டத்தின் மானம், சங்கத்தின் மானம், இரு குடும்பங்களின் மானம் எல்லாம் சேர்ந்து ‘சமாதானம்’ என்ற முடிவுக்கு வரும். அபராதம் கட்டுவான். சில வேளைகளில் அவனுக்கே அவளைக் கட்டிவைப்பார்கள். பல வேளைகளில் அவளைக் கொழும்பில் ஏதாவதொரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரைவிட்டுப் போவது அவள்.

நீதிமன்றம் வரை சென்றவர்களுக்கு அங்கே இன்னொரு தடை காத்திருந்தது. 1895ஆம் ஆண்டின் இலங்கைச் சாட்சியச் சட்டம், 1872இல் இந்தியாவுக்காக ஸ்டீபன் வரைந்த சட்டத்தின் வழிவந்தது. அதன் 155ஆம் பிரிவு, பலாத்கார வழக்கில் முறைப்பாட்டுக்காரி பொதுவாக ஒழுக்கக்கேடானவள் என்று காட்ட எதிரிக்கு இடமளித்தது. எதிரியின் ஒழுக்கத்தை அவ்வாறு காட்டப் பொதுவாக இடமில்லை. இதன் வேர் பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில நீதிபதி மத்தேயு ஹேலிடம் இருக்கிறது. இக்குற்றச்சாட்டைச் சுமத்துவது எளிது, மறுப்பது கடினம் என்று எச்சரித்தவர் அவர். எத்தனை பெண்கள் வாய்திறக்காமலே இறந்தார்கள் என்பதை அந்த நீதிபதி எண்ணியிருக்கமாட்டார். இந்தியா இந்த ஏற்பாட்டை 2002இல் நீக்கியது. இலங்கையில் அது நூற்றாண்டைக் கடந்தும் நீடித்தது. ஆனால் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. சம்மத வயதைப் 12இலிருந்து 16ஆக உயர்த்தியதோடு, பெண் எதிர்த்துப் போராடியதற்கான காயங்கள் உடலில் இருக்க வேண்டியதில்லை என்றும் அது தெளிவுபடுத்தியது. “அவள் ஏன் கத்தவில்லை?” என்ற கேள்விக்குச் சட்டம் கொடுத்த பதில் அது. அந்தப் பதில் ஹட்டனிலும் பொகவந்தலாவையிலும் எத்தனை பேரை எட்டியது என்பது வேறு விஷயம்.

பத்திரிகைக்காரர்களாகிய நம்மையும் விட்டுவிட முடியாது. நெடுங்காலமாகத் தமிழ்ப் பத்திரிகைகள் இக்குற்றத்துக்குக் கையாண்ட சொல் ‘கற்பழிப்பு’. அந்தச் சொல்லின்படி அழிந்தது அவளுடைய கற்பு. அவனிடம் எதுவும் அழியவில்லை. 1990களில் இலங்கைப் பத்திரிகைகளில் ‘பாலியல் வல்லுறவு’ என்ற சொல் மெல்ல இடம்பிடித்தது. தமிழகத்தில் ‘பாலியல் வன்கொடுமை’, ‘வன்புணர்வு’ என்பன வந்தன. ஆசிரியபீடங்களில் இது பற்றிக் காரசாரமான வாதங்கள் நடந்ததுண்டு. தலைப்பில் அடங்காது என்பது ஒரு சாராரின் பெருங்கவலை! பெண்கள் அமைப்புகள் விடாமல் வலியுறுத்தியிராவிட்டால் அந்த மாற்றமும் வந்திராது. எனினும் சொல் மாறிய வேகத்தில் செய்தியின் போக்கு மாறவில்லை. தோட்டப்புறத்திலிருந்து வரும் செய்தியில் “காதல் விவகாரமே காரணம் என ஆரம்பகட்ட விசாரணைகளில் தெரியவந்துள்ளது” என்ற வரி இன்றும் நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

2013இல் கெயர் நிறுவனம் கொழும்பு, அம்பாந்தோட்டை, மட்டக்களப்பு, நுவரெலியா ஆகிய நான்கு மாவட்டங்களில் நடத்திய ஆய்வு இந்த விவாதத்தில் அடிக்கடி மறக்கப்படுகிறது. பெண்களிடம் ஏன் போனாய் என்று கேட்பதற்குப் பதிலாக, ஆண்களிடம் என்ன செய்தாய் என்று கேட்ட ஆய்வு அது. கேட்கப்பட்ட ஆண்களுள் 14.5 சதவீதத்தினர் தம் வாழ்நாளில் எப்போதாவது வல்லுறவு புரிந்திருப்பதாகத் தாமே ஒப்புக்கொண்டனர். அவர்களுள் 96 சதவீதத்துக்கு மேற்பட்டோர் சட்டத்தின் எவ்வித விளைவையும் சந்திக்கவில்லை. ஏன் செய்தீர்கள் என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் கூறிய காரணம், தமக்கு அந்த உரிமை உண்டு என்று கருதியமையே. உடையோ இருளோ குறுக்குப் பாதையோ அல்ல.

2021 ஜூலையில் டயகமப் பகுதியைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமியொருத்தி கொழும்பில் தீக்காயங்களோடு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு, 15ஆம் திகதி உயிரிழந்தாள். முன்னாள் அமைச்சர் ஒருவரின் இல்லத்தில் வேலைசெய்தவள். பிரேத பரிசோதனையில் பாலியல் துஷ்பிரயோகத்துக்கான அடையாளங்கள் கூறப்பட்டன. அம்மாத இறுதியில் உடல் தோண்டியெடுக்கப்பட்டு மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. வழக்கின் விவரங்களுக்குள் நான் போகவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. அப்போது நாடெங்கும் எழுந்த கேள்வியைப் பற்றியே எழுதுகிறேன். பிள்ளையைக் கல்வி கற்கும் வயதில் வேலைக்கு அனுப்பிய தாய் எத்தகையவள்? மலையகத்துப் பெற்றோருக்குப் பொறுப்பில்லையா? நன்கு படித்தவர்களே, மலையகத்தில் பிறந்து கொழும்பில் வாழ்பவர்கள் உட்பட, இப்படிக் கேட்டார்கள். 2009 ஓகஸ்டில் மஸ்கெலியாப் பகுதியிலிருந்து கொழும்புக்கு வேலைக்குச் சென்ற இரு சிறுமியர் கால்வாயில் பிணமாகக் கிடந்தபோதும் இதே கேள்வி கேட்கப்பட்டது.

நாட்டில் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது அந்த 2021ஆம் ஆண்டிலேதான். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் ஆயிரம் ரூபாவாக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டு மார்ச் மாதத்தில். அதற்குச் சில மாதங்கள் முன்னரே அந்தப் பிள்ளை கொழும்புக்குப் போய்விட்டிருந்தாள். அவ்வழக்கில் கைதானவர்களுள், அவளை அந்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்த தரகரும் ஒருவர். அக்காலத்து ஆள்கட்டும் கங்காணியைப் போல, இன்றும் ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து கொழும்புக்குப் பிள்ளைகளை அழைத்துச்செல்லும் தரகர்கள் உண்டு. தாயைக் கேள்வி கேட்டவர்களுள் தரகரிடம் கேள்வி கேட்டவர்கள் மிகக் குறைவு. பதினாறு வயதுப் பிள்ளையை வேலைக்கு வைத்துக்கொள்ளும் கொழும்பு வீடுகளை, அவற்றுள் தமிழ் வீடுகளும் ஏராளம், கேள்வி கேட்டவர்கள் அதனினும் குறைவு.